நோட்டீஸ் அடிப்பதும் வேளாண் வேலைதான்

நஞ்சில்லாமல் விளைவிக்கக் கற்றுக்கொண்டோம். விதை சேமிக்க, அமிர்தக்கரைசல் போட, நன்மை செய்யும் பூச்சியை அடையாளம் காணப் பயிற்சி எடுத்தோம். ஆனால் விளைந்ததை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "இதை யாருங்க வாங்குவாங்க?" என்று கேட்கிறவர்கள் நம்மில் ஏராளம். கடைசியில் வியாபாரி வருகிறார். கிட்டத்தட்ட 160 நாள் வயலில் நின்ற மாப்பிள்ளைச் சம்பாவைச் சாதா நெல் விலைக்குக் கேட்கிறார். வேறு வழியில்லாமல் கொடுத்துவிடுகிறோம்.

நேரடி விற்பனைக்குச் செலவு குறைந்த கருவி ஒன்று இருக்கிறது. அதுதான் துண்டறிக்கை, நம்ம ஊர் பேச்சில் நோட்டீஸ். "வாட்ஸ்அப் இருக்கும்போது காகிதம் எதுக்குங்க?" என்று கேட்கலாம். வாட்ஸ்அப் செய்தி மறுநாளே அடியில் போய்விடும். அரிசிப் பையோடு போன தாள் சமையலறை அலமாரியில் இருக்கும், சமைக்கிறவர் கண்ணில் படும்.

வங்கியில் டெபாசிட் திட்டங்களுக்கு மடிப்பிதழ்கள் கட்டுக் கட்டாக வரும். படம், வாசகம் எல்லாம் பளபளவென்று இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் தேடுவது மூன்றே விஷயம்: வட்டி எவ்வளவு, எத்தனை நாள், யாரைப் பார்க்கணும். நம்மிடம் அரிசி வாங்குகிறவரும் அப்படித்தான். என்ன பொருள், எப்படிச் சமைப்பது, எப்படி வாங்குவது என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

என்ன எழுதுவது?

ஒரு நோட்டீஸ் ஒரு பொருளைப் பற்றியோ, ஒரே வகைப் பொருள்களைப் பற்றியோ இருக்கட்டும். அரிசி, எண்ணெய், நாட்டுக்கோழி, மண்புழு உரம் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது. மண்புழு உரம் வாங்குகிறவர் வேறு, அரிசி வாங்குகிறவர் வேறு.

மேலே பொருளின் பெயர், பெரிய எழுத்தில். அதன் கீழே எந்த ஊர், எந்த வயல், எந்தப் பட்டம், என்ன இடுபொருள் என்று நாலு வரி. அடுத்து சமைக்கும் முறை. இதைத்தான் நம் ஆட்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். கடையில் வாங்கும் பொன்னியைப் போலவே மாப்பிள்ளைச் சம்பாவையும் சமைத்தால் வேகாது. "சோறு கல்லு மாதிரி இருக்கு" என்று அந்த வீடு அதோடு நம்மை விட்டுப் போய்விடும். இரவே ஊற வைக்கவும், தண்ணீர் கூடுதலாக வைக்கவும், முதலில் கஞ்சியாகவோ இட்லி மாவில் கலந்தோ பழகவும் என்று மூன்று வரி போட்டால் அந்த வாடிக்கையாளர் தங்குவார்.

குறையையும் நாமே சொல்லிவிட வேண்டும். மருந்து அடிக்காத அரிசியில் வண்டு வரும். தவிடு நீக்காத அரிசியை நாள்பட வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். செக்கு எண்ணெயில் அடியில் கசடு தங்கும். நாட்டுச் சர்க்கரை மழைக்காலத்தில் கட்டியாகும். வாங்கியவர் இதைத் தானாகக் கண்டால் "ஏமாத்திட்டாங்க" என்பார். முன்பே படித்திருந்தால் "இவங்க சொன்னபடியே இருக்கு" என்பார். ஒரே வண்டுதான், இரண்டு விதமான பேச்சு.

மாதிரிக்கு ஒன்று:

"மாப்பிள்ளைச் சம்பா புழுங்கல் அரிசி. எங்கள் வயலில் சம்பா பட்டத்தில் விளைந்தது. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இடவில்லை. 8 மணி நேரம் ஊற வைத்துச் சமைக்கவும். இரண்டு மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம். வண்டு வந்தால் நிழலில் உலர்த்திப் புடைத்துப் பயன்படுத்தலாம். வயலைப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரலாம்."

அவ்வளவுதாங்க. அந்தக் கடைசி வரிக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது.

என்ன எழுதக் கூடாது?

"சர்க்கரை நோய் குணமாகும்", "புற்றுநோய் வராது" என்றெல்லாம் அச்சடிப்பது நம் வட்டத்தில் பெருகிவிட்டது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 53 இன்படி, உணவைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். சட்டம் கிடக்கட்டும். நம் நோட்டீஸை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு? பாரம்பரிய அரிசியும் அரிசிதான், அதிலும் மாவுச்சத்து உண்டு. நார்ச்சத்து கூடுதலாக உள்ள, தவிடு நீக்காத அரிசி என்று சொல்லலாம். அதற்கு மேல் போக வேண்டாம். ஒருவர் எழுதும் ஒரு பொய் வரி, இயற்கை வேளாண்மை செய்கிற எல்லோர் வாசலிலும் வந்து நிற்கும்.

சான்றிதழ் விஷயத்திலும் கவனம் தேவை. இயற்கை விளைபொருள் என்று சந்தைப்படுத்த, என்பிஓபி அல்லது பிஜிஎஸ் சான்று வேண்டும் என்கின்றன 2017 ஆம் ஆண்டு விதிகள். சிறு உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் இதில் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கில் விற்பவர் 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் போடக் கூடாது. சான்று இருந்தால் எண்ணைப் போடுங்கள். இல்லையென்றால் என்ன செய்தோம், என்ன செய்யவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.

தாளும் அச்சும்

ஏ4 தாளை மூன்றாக மடித்தால் முன்னும் பின்னுமாக ஆறு பக்கம் கிடைக்கும். தொடக்கத்தில் அவ்வளவு தேவையில்லை. ஏ4 இல் பாதி அளவு, இரண்டு பக்கமும் அச்சிட்டால் போதும். பளபளப்பான ஆர்ட் தாளில் பேனா சரியாக எழுதாது. மேப்லித்தோ தாள் என்றால் விலையை நாமே கையால் எழுதலாம். விலையை அச்சிடாமல் இடம் விடுவது நல்லது. விலை மாறினால் மீதித் தாள் முழுக்கக் குப்பைக்குப் போகும்.

ஆஃப்செட்டில் பிளேட் செலவு எத்தனை தாள் அடித்தாலும் ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை கூடக் கூட ஒரு தாளின் அடக்கவிலை குறையும். அதற்காக 5,000 அடித்துப் பரணில் போட வேண்டாம். படம் நம் வயலில் எடுத்ததாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். தமிழ் எழுத்துரு மாறும்போது கொம்பும் காலும் இடம் மாறும். அச்சகத்திலிருந்து பிடிஎஃப் புரூஃப் வாங்கி, தொலைபேசி எண்ணை இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

பணம் பத்திரம்

பணம் செலுத்த யுபிஐ க்யூஆர் கோடு போதும். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எதையும் அச்சிட வேண்டாம். நம் தொலைபேசி எண் பல கைகளுக்குப் போகும்போது மோசடிக்காரர் கைக்கும் போகும். "ராணுவ முகாமுக்கு 200 கிலோ அரிசி வேணும், க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்று பேசுவார்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண் போடவும் வேண்டாம். பின் எண் கேட்டாலே பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகிறது என்று பொருள். வீட்டில் செல்பேசி எடுக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும். தாமதித்தால் பணத்தை நிறுத்திவைப்பது கடினம்.

எங்கே கொடுப்பது?

பேருந்து நிலையத்தில் போகிற வருகிறவர் கையில் திணிப்பது வேலைக்காகாது. விற்கிற ஒவ்வொரு பையிலும் இரண்டு தாள் வையுங்கள், ஒன்று அவருக்கு, ஒன்று அவர் பக்கத்து வீட்டுக்கு. நெல் திருவிழா, உழவர் சந்தை, குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் போன்ற இடங்களில் பொருளைக் காட்டிப் பேசிவிட்டுக் கொடுங்கள்.

கொடுக்கும் இடத்துக்கு ஏற்ப மூலையில் அ, ஆ, இ என்று பேனாவால் குறியிடுங்கள். அழைப்பவரிடம் "தாளில் என்ன எழுத்து இருக்குங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். ஒரு தாளுக்கு 3 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்காட்சியில் 600 தாள் கொடுத்து 3 பேர் வாங்கினால், ஒரு வாடிக்கையாளருக்கு நாம் செலவிட்டது 600 ரூபாய். பையில் வைத்த 100 தாளில் 8 பேர் வந்தால், தலைக்கு 37.50 ரூபாய்தான். அடுத்த முறை எங்கே கொடுப்பது என்பதை நோட்டே சொல்லிவிடும்.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை. எழுதியதை வேளாண்மை தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளை வாங்கிக்கொண்டு கேளுங்கள்: இது என்ன அரிசி, எவ்வளவு நேரம் ஊறணும், வேணும்னா என்ன செய்யணும்? மூன்றுக்கும் அவர் பதில் சொன்னால் அச்சுக்குக் கொடுக்கலாம். சொல்லாவிட்டால் இன்னும் நாலு வரியைக் குறையுங்கள்.