சுவிட்ச் உங்களோடது, வயரிங் ஓனரோடது: வாடகை வீட்டு ரிப்பேரில் யாருக்கு என்ன பொறுப்பு?

செட்டியார்பட்டியிலோ ராஜபாளையத்திலோ பழைய காம்பவுண்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறீர்களா? மழை நாளில் சுவர் ஓதம் ஏறி, சுவிட்ச் போடும்போது கை ‘சுருக்’கென்கிறதா? "ஓனர்கிட்ட சொல்லியாச்சு, பாக்கலாம்னாரு" என்று விட்டுவிடாதீர்கள். இது உயிர் விஷயம்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின் (2017-இல் இயற்றப்பட்டது) இரண்டாம் அட்டவணை, எந்த ரிப்பேர் யாருடையது என்று பிரித்தே சொல்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், தண்ணீர் பைப் மாற்றுவது, உள்ளும் வெளியும் வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய், வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பிளக், பூட்டு, ஜன்னல் கண்ணாடி நம்முடையது. அதாவது சுவிட்ச் உடைந்திருந்தால் நாம் மாற்ற வேண்டும். சுவருக்குள் வயர் நனைந்து ஷாக் அடித்தால் ஓனர்தான் பார்க்க வேண்டும். எது என்று எலக்ட்ரீஷியனைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். ‘எல்லா பழுதும் வாடகைதாரர் செலவு’ என்ற ஒரு வரி, அட்டவணையையே ஓரம் கட்டிவிடும். எனவே கையெழுத்துக்கு முன் படியுங்கள். பதினோரு மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். Tenancy தளத்தில், அதாவது தமிழக அரசின் வாடகை ஒப்பந்த இணையதளத்தில், பதிவும் செய்ய வேண்டும்.

சொல்லியும் ஓனர் செய்யவில்லையா? போட்டோ எடுத்து, எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மறுத்தால் நீங்களே வேலையை முடித்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. வாடகை 4,000 ரூபாய், வயரிங் செலவு 6,000 என்றால் மாதம் 2,000 வீதம் மூன்று மாதம். பில்லைப் பத்திரமா வைங்க. கோபத்தில் வாடகையை மொத்தமாக நிறுத்தினால், இரண்டு மாத பாக்கியே உங்களைக் காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும்.

சண்டை வந்ததும் மோட்டாரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது சில ஓனர்களின் பழக்கம். தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு எதையும் அப்படி நிறுத்த முடியாது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்க அவர் இடைக்கால உத்தரவு போடலாம்.

மேற்கூரை பெயர்ந்து கம்பி தெரிகிற வீடு என்றால் இந்தக் கணக்கெல்லாம் பிறகு. பேரூராட்சி செயல் அலுவலரிடம் மனு கொடுங்கள். ஆபத்தான கட்டடத்தைச் சரிசெய்யவோ இடிக்கவோ உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கு உண்டு. மனுவுக்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.

வயர் அறுந்து தொங்கினாலோ மீட்டர் பெட்டியில் தீப்பொறி தெரிந்தாலோ தொடாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு உடனே அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.