பட்டாளத்திலிருந்து பஞ்சாயத்துக்கு

திருச்சுழி, நரிக்குடி பக்கம் பட்டாளத்தில் பதினைந்து, பதினேழு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவருக்குப் பெரும்பாலும் நாற்பது வயது ஆகியிருக்காது. பென்ஷன் வருகிறது, உடம்பில் தெம்பும் இருக்கிறது. “தலைவருக்கு நில்லுங்கண்ணே” என்று டீக்கடையில் நாலு பேர் உசுப்பிவிடுவார்கள். நிற்கலாம். ஆனால் சீருடையில் இருக்கும்வரை கட்சிப் பக்கம் தலைகாட்டக் கூடாது; ராணுவ விதி இடம் கொடுக்காது.

அடுத்து, உத்தரவு போடும் பழக்கத்தை விட வேண்டும். விடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயின் ஜெனரல் எஸ்பார்ட்டெரோ ஓர் உதாரணம். அவர் வண்டி செய்கிறவரின் மகன். வடக்கே நடந்த உள்நாட்டுப் போரை 1839இல் உடன்படிக்கை பேசி முடித்தவர், தாராளவாதிகளின் நாயகன். 1841இல் சிறுமி அரசிக்குப் பதிலாக நாட்டையே ஆளும் பொறுப்பு வந்தது. மறு ஆண்டு பார்சிலோனா கலகம் செய்தபோது, போரையே பேசி முடித்த அந்த மனிதர் நகரத்தின் மீது பீரங்கிக் குண்டு பொழிய வைத்தார். 1843இல் லண்டனுக்கு ஓட வேண்டியதாயிற்று.

சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி போன வழி வேறு. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். மலாயாத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பலர் அதில் துப்பாக்கி ஏந்தினார்கள். போருக்குப் பிறகு கான்பூரில் டாக்டராக ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். மாநிலங்களவைக்குப் போனது 1970களில்தான். 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் கலாமிடம் தோற்றார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வேலை, பிறகு பதவி.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஜெயித்தாலும், காசோலையில் உங்களோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். அவர் எதிர்த்தரப்பு ஆளாக அமைந்துவிட்டால் தெருவிளக்கு பில்கூட நகராது. “அட்டென்ஷன்” சொன்னால் விறைத்து நிற்க அவர் உங்கள் சிப்பாய் இல்லை. வீடு தேடிப் போய்த்தான் பேச வேண்டும்.

ஆகவே இரண்டு, மூன்று வருஷம் பதவி இல்லாமலே உழையுங்கள். கண்மாய் வரத்துக்காலில் மண்டிய சீமைக்கருவேலை எடுக்க ஆள் சேருங்கள். பட்டாளத்துக்காரர் ஒருவரின் விதவைக்குக் குடும்ப பென்ஷன் சிக்கலா, விருதுநகர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூடவே போய்வாருங்கள். அந்தப் படிவங்கள் உங்களுக்குத்தான் புரியும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைகளில் உட்கார்ந்து வரவு செலவைக் காதுகொடுத்துக் கேளுங்கள்; சந்தேகம் இருந்தால் எழுந்து கேளுங்கள். வேட்புமனுவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.