இரண்டு பேர் தூக்கிச் செல்லும் கன்வேயர்

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தபின் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பேஸ்மென்ட்டை உயர்த்திக் கட்டவே பார்க்கிறார்கள். உயர்த்தினால் உள்ளே நிரப்ப மண் வேண்டும். லாரிக்காரர் அதைத் தெருவில் கொட்டிவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து சித்தாள் தலையில் பாண்டு சட்டிதான். இந்த வேலைக்கு ஒரு சின்ன பெல்ட் கன்வேயர் போதும். ஆனால் பட்டறைக்குப் போய்க் கேட்டால் க்ரஷரில் இருப்பதையே சுருக்கிச் செய்து தருகிறார்கள். ஆறு பேர் இல்லாமல் அது லாரியிலிருந்து இறங்காது. இறக்கி ஓட்டினாலும் பெல்ட் ஓரம் தேய்ந்து நூல் நூலாகப் பிரிகிறது. இந்த இரண்டு குறையும் இல்லாமல் செய்யும் முறை கீழே.

1. எதற்கு என்று முடிவு செய்யுங்கள்

சாதா பெல்ட்டில் மணலும் ஜல்லியும் 18 முதல் 20 டிகிரி சாய்வு வரை ஏறும். அதற்கு மேல் உருண்டு திரும்பும். 5 மீட்டர் நீளத்தை 20 டிகிரியில் சாய்த்தால் 1.7 மீட்டர், அதாவது ஐந்தரை அடி உயரம் கிடைக்கும். பேஸ்மென்ட் நிரப்பவும், சம்ப் தோண்டிய மண்ணை மேலே தள்ளவும், பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் கொண்டுபோகவும் இது போதும்.

முதல் மாடிக்கு ஏற்ற ஆசைப்படாதீர்கள். 10 அடி உயரத்துக்குக் கிட்டத்தட்ட 9 மீட்டர் கன்வேயர் வேண்டும். சேலையூர் உட்தெரு ஒன்றில் அதை நிறுத்தினால் தெருவே அடைபடும். மாடிக்கு வின்ச் வைத்துக்கொள்ளுங்கள். வரிப்பல் வைத்த பெல்ட் இன்னும் அதிகச் சாய்விலும் ஏறும் என்பார்கள். ஏறும், ஆனால் பல் இடுக்கில் ஒட்டிய களிமண்ணை எந்த வழிப்பானும் வழிக்காது. என் பட்டறையில் சாதா பெல்ட் மட்டும்தான்.

2. மோட்டாரைப் பெரிதாக்காதீர்கள்

ஒரு யூனிட் எம்-சாண்ட் 100 கன அடி, சுமார் நாலரை டன். இரண்டு பேர் மண்வெட்டியால் அள்ளிப் போட்டால் மணிக்கு ஐந்தாறு டன் போவதே பெரிது. தாராளமாக மணிக்கு 10 டன் என்று கணக்குப் போடுங்கள். அதை 1.7 மீட்டர் தூக்க 50 வாட் கூடத் தேவையில்லை. உராய்வு, கியர்பாக்ஸ் இழப்பு எல்லாம் சேர்த்தாலும் கால் கிலோவாட்டுக்குள் அடங்கும். பாரத்தோடு நின்ற பெல்ட்டை மறுபடி கிளப்பத்தான் கூடுதல் பலம் வேண்டும். அதற்கு 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் போதும். 3 எச்.பி. கேட்பவர் எடையையும் த்ரீ ஃபேஸ் தலைவலியையும் சேர்த்து வாங்குகிறார்.

1440 சுற்று மோட்டார், 20-க்கு 1 கியர்பாக்ஸ், 150 மி.மீ. டிரம், 400 மி.மீ. அகலப் பெல்ட். வேகம் வினாடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல் வரும். அதைவிட வேகம் போனால் ஜல்லி துள்ளி வெளியே விழும்.

3. எடை

கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998 மத்திய விதிகளின்படி ஒரு ஆண் கையால் தூக்கும் சுமை 55 கிலோவையும், பெண் தூக்குவது 30 கிலோவையும் தாண்டக்கூடாது. எனவே எந்தத் துண்டும் 50 கிலோவுக்குள் இருக்கட்டும். யார் இரண்டு பேர் பிடித்தாலும் தூக்கிவிடலாம். கன்வேயரின் இரும்புச் சட்டத்தை இரண்டரை மீட்டர் வீதம் இரண்டாகப் பிரியுங்கள். மோட்டாரும் கியர்பாக்ஸும் நாலு போல்ட்டில் தனியே கழல வேண்டும். எல்-ஆங்கிள் வேண்டாம். 2 மி.மீ. தகட்டை 'சி' வடிவில் மடக்குங்கள். பெல்ட் இணைப்புக்குப் பின் உருவும் வகை க்ளிப் போடுங்கள். பின்னை உருவினால் பெல்ட் கையோடு வந்துவிடும், சட்டத்தைப் பிரிக்க நேரமாகாது.

பழைய க்ரஷர் பெல்ட் மலிவு என்று வாங்காதீர்கள். அந்தத் தடிமன் 150 மி.மீ. டிரம்மில் மடியாது, இணைப்பு விரிசல் விடும். பாரிமுனை செம்புதாஸ் தெருவில் இரண்டு அடுக்குப் புதுப் பெல்ட் விசாரியுங்கள்.

4. பெல்ட் நடுவில் ஓட

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. ஓரம் ஓடும் பெல்ட்டைத் தடுக்கப் பக்கத்தில் கட்டை, உருளை என்று வைத்துப் பார்ப்பார்கள். பெல்ட் அதையும் உரசிக் கிழியும். காரணத்தைச் சரிசெய்தால் கட்டை தேவைப்படாது.

சட்டம்: வெல்டிங் முடிந்து ஆறியபின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பில் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் பெல்ட் போடவே வேண்டாம். முதலில் புள்ளி வெல்டிங், பிறகு பக்கம் மாற்றி மாற்றி முழு வெல்டிங். ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு போனால் சட்டம் இழுத்துக்கொள்ளும்.

டிரம்: மேல்முனையில் உள்ள தலை டிரம்மின் நடு, ஓரங்களைவிட விட்டத்தில் 2 மி.மீ. பருமனாக இருக்க வேண்டும். லேத்தில் சொல்லிக் கடைந்து வாங்குங்கள். பெல்ட் பருத்த இடத்தை நோக்கித்தான் ஏறும். கீழ்முனையில் உள்ள வால் டிரம்மை முழு உருளையாகச் செய்யாமல் கம்பிகளை இடைவெளி விட்டுக் கூண்டாகக் கட்டுங்கள். முழு உருளையில் ஈரக் களிமண் ஒரு பக்கம் அப்பிக்கொண்டு, அந்தப் பக்கமே பெல்ட்டை இழுக்கும்.

பெல்ட் முனை: மூலைமட்டத்தைப் பெல்ட்டின் ஓரத்தில் வைத்து வெட்டாதீர்கள். ஓரம் நேராக இருக்கும் என்று உறுதியில்லை. சில மீட்டர் நீளத்துக்கு நடுப்புள்ளிகளைக் குறித்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக வெட்டுங்கள்.

இனி ஓட்டிப் பாருங்கள். சட்டத்தின் ஒரே இடத்தில் பெல்ட் எப்போதும் விலகினால் அந்த இடத்து உருளை கோணல். பெல்ட்டின் ஒரே பகுதி எங்கே போனாலும் விலகினால் இணைப்பு கோணல். இரண்டும் இல்லாமல் மொத்தமாக இடப்பக்கம் ஓடினால், வால் டிரம்மின் இடப்பக்கத் திருகை இறுக்குங்கள். வலப்பக்கத்தை இறுக்கினால் இன்னும் மோசமாகும். ஒரு தடவைக்குக் கால் திருப்பு, அவ்வளவுதான். பெல்ட் ஒரு சுற்று வர ஏறக்குறைய 20 வினாடி ஆகும். ஆறு சுற்று, அதாவது இரண்டு நிமிடம், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பொறுமையில்லாமல் இரண்டு திருகையும் மாறி மாறித் திருகுகிறவரிடம் பெல்ட் ஒருநாளும் படியாது.

பட்டறையில் ஒழுங்காக ஓடியது சைட்டில் ஓரம் போனால் திருகைத் தொடாதீர்கள். சட்டத்தின் குறுக்கே ரசமட்டம் வையுங்கள். பெரும்பாலும் ஒரு கால் மண்ணில் இறங்கியிருக்கும். பலகை கொடுத்துச் சமமாக்குங்கள். பிறகு மண் அள்ளும் இருவரையும் எதிரெதிர்ப் பக்கம் நிறுத்துங்கள். ஒரே பக்கமிருந்து போட்டால் பாரம் ஓரத்தில் விழும், பெல்ட்டும் விலகும்.

5. உயிர் பத்திரம்

பெல்ட்டும் டிரம்மும் சேரும் இரண்டு முனைகளுக்கும் தகட்டு மூடி போடுங்கள். சேலை முந்தானை, துண்டு, தலைமுடி எது சிக்கினாலும் 1 எச்.பி. விடாது. நீளம் முழுக்க, இழுத்தால் நிற்கும் கயிறு ஸ்விட்ச் வேண்டும். தற்காலிக இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஓட்டாதீர்கள். கேபிள் 2.5 சதுர மி.மீ. செம்பு. ஓடும்போது மண் வழிப்பது கூடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கியபின்தான் கை.

காசு குறைவாக இருந்தால் பெயின்ட்டில் குறையுங்கள், சக்கரத்தில் குறையுங்கள். லேத் கூலியிலும் இந்த மூடிகளிலும் குறைக்காதீர்கள்.