கோடை விடுமுறைக்கு எந்தக் காடு?

மைசூரு, சரஸ்வதிபுரம்

சிரஞ்சீவி கார்த்திகேயனுக்குப் பெரியப்பா ஆசி கூறி எழுதும் மடல்.

வரும் ஏப்ரல், மே விடுமுறையில் மனைவி, குழந்தையுடன் கென்யாவின் மாசாய் மாராவுக்குச் சென்று சஃபாரி, அதாவது வண்டியில் அமர்ந்து காட்டுயிர்களைக் காணும் உலா, போகத் திட்டமிட்டிருப்பதும், அதற்கென வங்கியில் தனிநபர் கடன் கேட்டிருப்பதும் அப்பாவின் வாயிலாக இங்கே தெரியவந்தன. எங்கே செல்வது என்பது செல்பவரின் விருப்பம். அதில் பெரியவர்கள் தலையிடுவது முறையன்று. ஆயினும் வீட்டுக்கடன் தவணையே இன்னும் முடியாதிருக்க, மூச்சிரைப்புக்காகக் குழந்தை மருத்துவமனையில் இருந்த நாட்களை வீட்டில் எவரும் மறவாதிருக்க, பணம் கட்டுமுன் சில செய்திகளை எடைபோட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

முதலில் பருவத்தைக் கருத வேண்டும். மாசாய் மாராவின் புகழுக்குக் காரணமான பெருவலசை, அதாவது வில்டபீஸ்ட் என்னும் இரலையினம் தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து புல்லும் நீரும் தேடிக் கூட்டங்கூட்டமாக மாரா ஆற்றைக் கடந்துவரும் காட்சி, பெரும்பாலும் ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையே நிகழ்வது. ஏப்ரலும் மே மாதமும் அங்கே நீண்ட மழைக்காலம். சிங்கங்கள் எக்காலத்தும் உண்டு என்பது உண்மையே. ஆனால் படத்தில் கண்டு ஆசைப்பட்ட காட்சி அப்போது இராது. மேலும், மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடாகக் கென்யா கருதப்படுவதால் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் பெற வேண்டும். அச்சான்றிதழ் இல்லாமல் திரும்புவோரைத் தனிமைப்படுத்த இந்திய விதிகள் இடமளிக்கின்றன. குழந்தையின் மருத்துவரிடம் இதைக் கேட்டாயிற்றா என்பது தெரியவில்லை.

அதே கோடையில், மைசூருவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அடையக்கூடிய கபினியில் நிலைமை நேர்மாறானது. நீர்த்தேக்கத்தின் நீர் வற்றி, கரையோரம் புதுப்புல் தலைகாட்டும்போது, நாகரஹொளே, பந்திப்பூர்க் காடுகளின் யானைகள் மந்தை மந்தையாக அங்கே இறங்குகின்றன. யானை புல்லைப் பிடுங்கியவுடன் வாயில் இடுவதில்லை; முன்கால் நகத்தால் வேரோடு பெயர்த்து, துதிக்கையில் சுருட்டி, காலில் இரண்டு மூன்று முறை அடித்து மண்ணை உதறிய பிறகே உண்கிறது. படகில் இருந்தபடியே குழந்தை இதைக் காணலாம். கபினியை ஒட்டிய காக்கனகோட்டைப் பகுதியில்தான் கெட்டா என்ற பெயரில், யானை மந்தைகளை வளைத்துத் துரத்தி மரவேலிப் பட்டிக்குள் அடைத்துப் பிடிக்கும் வழக்கம், மைசூரு அரசர்கள் காலம் முதல் 1971 வரை நடந்தது என்பதையும், பின்னர் அவ்விடத்தின் ஒரு பகுதி நீர்த்தேக்கத்தில் மூழ்கியது என்பதையும் அங்கே செல்வோர் அறிந்திருப்பது நல்லது.

பந்திப்பூர், 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காப்பகங்களுள் ஒன்று. 2022 கணக்கெடுப்பின் மதிப்பீட்டில் பந்திப்பூரில் 150, நாகரஹொளேயில் 141, அவற்றை ஒட்டிய முதுமலையில் 114 புலிகள் இருந்தன. இவ்வளவு புலிகளுக்கு இடமுள்ள காட்டின் நடுவே நெடுஞ்சாலைகள் செல்கின்றன. 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை, ஆம்புலன்சும் குறிப்பிட்ட சில பேருந்துகளும் தவிர வேறு வண்டிகள் அவற்றில் அனுமதிக்கப்படுவதில்லை. முகப்பு விளக்கின் ஒளியில் கண் கூசி நின்றுவிடும் மான் லாரியில் அடிபடுவது அதற்கு முன்பு வழக்கமாக இருந்தது. அந்தத் தடையால்தான் தன் கூடலூர்க் காய்கறி லாரித் தொழில் படுத்தது என்று அப்பா இன்றும் சொல்வதுண்டு. டீசல் விலையும் வசூலாகாத பாக்கியும்தான் படுக்கவைத்தன என்பது கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் அறிந்ததே. அன்று கார்த்திகேயனும் தந்தையின் பக்கமே பேசியது வேறு செய்தி. இங்கு சொல்ல வந்தது இவ்வளவே: பந்திப்பூரைப் பகலில் ஒருமுறை பார்த்த பிள்ளை, அந்தச் சாலை இரவில் மூடியிருக்க வேண்டும் என்று வாதாட ஒருபோதும் தயங்காது. இந்தக் காட்டோடு இன்னொரு உறவும் உண்டு: கபினி ஆறு திருமக்கூடல் நரசிபுரத்தில் காவிரியில் கலந்து, மேட்டூரையும் கொள்ளிடத்தையும் தாண்டி, வீராணம் ஏரி வழியாகச் சென்னை வீட்டுக் குழாய்க்கும் வருகிறது. தன் குடிநீர் சுரக்கும் காட்டைப் பாராத பிள்ளைக்கு மாரா ஆற்றைக் காட்டுவது, பாட்டி வீட்டுத் திண்ணையை மிதிக்காமல் அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போவதைப் போன்றது.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு. 2025 நவம்பரில், மைசூரு மாவட்டத்தில் காட்டை ஒட்டிய ஊர்களில் புலி தாக்கி மக்கள் உயிரிழந்ததை அடுத்து, பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியைக் கர்நாடக அரசு நிறுத்திவைத்தது. ஆகவே அறை பதிவு செய்யுமுன் வனத்துறையிடம் நிலவரம் கேட்டறிக. இயலாமற்போனால் முதுமலை இருக்கிறது. அங்குள்ள தெப்பக்காடு முகாமில் பாகன்கள் ராகியும் கொள்ளும் வேகவைத்து, வெல்லம் சேர்த்து, பெரிய பெரிய கவளமாக உருட்டி யானையின் வாயில் ஊட்டுவதைக் குழந்தை அருகிலிருந்து பார்க்கலாம்.

இவ்வளவும் எழுதியது கண்டிப்பதற்கன்று. உழைத்துச் சம்பாதித்த பணத்தில் குடும்பத்துக்கு உலகைக் காட்ட நினைக்கும் பிள்ளை இந்த வீட்டில் கார்த்திகேயன் ஒருவனே என்று பெரியம்மா அக்கம்பக்கத்தில் சொல்லாத நாளில்லை. கென்யாதான் என்று முடிவானால் அலமாரியிலுள்ள பைனாகுலர் குழந்தைக்கே. பெரியப்பாவின் சீட்டுப் பணமும் அந்தச் சமயத்தில் கைக்கு வருகிறது, வங்கிக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு அதை வாங்கிக்கொள்க, திருப்பித் தர வேண்டியதில்லை. மைசூருதான் என்று முடிவானால், காலை வந்தே பாரத்தில் ஏறினால் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். வரும்போது அப்பாவையும் கட்டாயம் அழைத்துவருக. லாரிப் பேச்சு எடுக்கப்படமாட்டாது.

என்றும் அன்புடன்,
பெரியப்பா