மரப்பட்டையில் எழுத்துப்போன்ற கோடுகள்: நோயா, இலைக்கனா?

பதுளை, பசறை, பண்டாரவளைப் பகுதிகளில் நிழல் மரங்களின் மழமழப்பான பட்டையிலே, சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்சாம்பல் நிறப் படைகளைக் கமக்காரர் கண்டிருப்பர். அருகிற் சென்று நோக்கின், ஊசிநுனியால் எழுதியனபோன்ற கரிய நுண்கோடுகள் அவற்றின்மேல் தோன்றும். இதுவே 'கிராபிஸ்' எனப்படும் எழுத்து இலைக்கன். இது நோயன்று.

இலைக்கன் என்பது பங்கசும் அல்காவும் கூடிவாழும் உயிராகும். அல்கா சூரிய ஒளியால் உணவை ஆக்கும். பங்கசு அதற்கு உறைவிடமளிக்கும். கரிய கோடுகள் பங்கசின் வித்திகள் உண்டாகும் இடங்கள். மரத்தின் சாற்றை இது உணவாகக் கொள்வதில்லை. பட்டை இதற்கு இருப்பிடம் மாத்திரமே.

அடையாளம் காணும் முறை:

1. நகத்தாற் கீறிப் பார்க்க. இலைக்கன் பட்டையோடு ஒன்றியிருக்கும், ஏடாக உரியாது. செதிற்பூச்சியாயின் தனித்தனியே கழன்றுவிடும்.

2. நீர் தெளித்துப் பார்க்க. நனைந்த இலைக்கனிற் பெரும்பாலும் பசுமை கலந்த நிறம் தோன்றும்.

3. கத்திநுனியாற் பட்டையைச் சிறிதளவு சீவிப் பார்க்க. உட்பட்டை ஈரமாயும் உயிர்ப்புடனும் இருப்பின் அஞ்சவேண்டியதில்லை. அது கபில நிறமாகக் காய்ந்து, மேற்பட்டையும் குழிந்து வெடித்திருப்பின் பட்டை நோயென ஐயுறுக.

வாடும் மரத்தில் இலைக்கன் மிகுந்திருப்பதுண்டு. இலையுதிர்ந்த கிளைகளில் ஒளி நன்றாகப் படுவதும், பட்டையின் வளர்ச்சி குன்றுவதும் அதற்குக் காரணங்களாம். எனவே இலைக்கன் வாட்டத்தின் காரணமன்று. அதனைச் சுரண்டிவிட்டு நோய் தீர்ந்ததென்றிருப்பவர், பட்டையைக் காயப்படுத்துவதோடு, வேரிலுள்ள உண்மையான நோய் அடுத்த மரத்துக்குப் பரவவும் இடங்கொடுக்கின்றனர். மரம் வாடினால் முதலில் வேர்க்கழுத்தின் மண்ணை அகற்றிப் பார்த்தல் வேண்டும். கவ்வாத்தின்பின் தேயிலை வாதுகளிற் படர்ந்த பாசியைத் துடைப்பது வேறு. நிழல் மரத்தைக் கத்தியாற் சுரண்டுவது வேறு.

சிறு புள்ளியைப் பிரித்தறிவதன் அருமையை ஊவா நன்கறியும். 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமையிலேதான் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதலிற் கண்டறியப்பட்டது. இலையின் கீழ்ப்புறத்திற் செம்மஞ்சட் புள்ளிகளாகத் தோன்றிய அந்நோய், இருபது ஆண்டுகளுக்குள் நாட்டின் கோப்பிச் செய்கையைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. எல்லாப் புள்ளியும் தீங்கன்று. எல்லாப் புள்ளியும் தீங்கற்றதுமன்று.

ஐயமிருப்பின், பட்டைத் துண்டையும் வேர்த் துண்டையும் தனித்தனிக் கடதாசிப் பைகளில் இட்டு, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அதுவரை கத்தியையும் மருந்தையும் எடுக்காதிருப்பதே நன்று.