கோல்ஃப் மட்டை: பழசே போதுமா?

2016-ல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றபோது கோல்ஃப் வீரர் ஹென்ரிக் ஸ்டென்சன் கையாண்ட 3-வுட் மட்டை, பல வருடங்களுக்கு முந்தைய கேலவே நிறுவன மாடல். புதுசு வந்தும் அவர் அதை விடவில்லை.

டிரைவர் தலையின் கன அளவு 460 சி.சி.யைத் தாண்டக் கூடாது; பந்தை உந்தும் துள்ளலுக்கும் விதிப்படி உச்சவரம்பு உண்டு. அதனால் நாலைந்து வருடப் பழைய டிரைவருக்கும் புதியதற்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. விலையில் நிச்சயம் இருக்கும்!

வெட்ஜ் விஷயம் வேறு. அதன் முகத்திலுள்ள பள்ளக் கோடுகளில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். விளிம்பு மழுங்கி வழுக்கினால் பந்து சரியாகச் சுழலாது. அதைப் புதிதாக வாங்குவதே லாபம்.

பழைய மட்டையின் கிரிப் காய்ந்து இறுகியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டால் சரி. கிராஃபைட் ஷாஃப்ட்டில் விரிசலா? எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.