சிவனொளிபாதமலை: ஒரு சிகரமும் பல பெயர்களும்
க.பொ.த. (சாதாரண தரம்) – வரலாறு: மூலாதாரங்களை ஆராய்தல்

இலங்கையின் மிக உயர்ந்த மலை எதுவென வினவினால் சிவனொளிபாதமலை என எழுதும் மாணவர் பலருளர். இது பிழையாகும். பிதுருதலாகல மலையின் உயரம் 2524 மீற்றர். சிவனொளிபாதமலையின் உயரம் 2243 மீற்றர் மட்டுமே. எனினும் இம்மலை கூம்பு வடிவில் தனித்தெழுந்து மேற்குக் கடலை நோக்கி நிற்பதால், பண்டைய மாலுமிகளின் கண்ணில் முதலிற்பட்டது இதுவே.

அமைவிடம்: இது சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டமும் மத்திய மாகாணத்தின் நுவரெலியா மாவட்டமும் சந்திக்கும் எல்லையில் அமைந்துள்ளது. நல்லதண்ணி வழி நுவரெலியாப் பக்கமாகவும் பலாபத்தல வழி இரத்தினபுரிப் பக்கமாகவும் ஏறுகின்றன. களு கங்கை ஊற்றெடுப்பதும் இம்மலைப் பகுதியிலேயாகும்.

பெயர்கள்: சிங்கள மக்கள் ஸ்ரீ பாத என்றும், சமன் தெய்வத்தின் பெயரால் சமனல கந்த என்றும் அழைப்பர். இந்துக்களுக்கு இது சிவபெருமானின் திருப்பாதம் பதிந்த மலை. முஸ்லிம்கள் ஆதம் மலை, பாவா ஆதம் மலை என்பர். உச்சிப் பாறையிலுள்ள ஏறத்தாழ 1.8 மீற்றர் நீளமான பாத வடிவக் குழியே இப்பெயர்கள் பலவற்றுக்கும் காரணம். போர்த்துக்கேயர் சிலர் அதனைப் புனித தோமாவின் பாதம் எனவும் கருதினர்.

மூலாதாரங்கள் கூறுவன யாவை? இங்குதான் மாணவர்கள் நிதானிக்க வேண்டும்.

புத்தர் தமது மூன்றாவது வருகையில் களனியிலிருந்து சென்று சுமனகூடத்தில் பாதம் பதித்தார் என மகாவம்சம் கூறுகிறது. அங்கிருந்து அவர் சென்றதாகக் கூறப்படும் இடம் நமது அம்பாறை மாவட்டத்திலுள்ள தீகவாபி என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் மகாவம்சம் எழுதப்பட்டது அந்நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளின் பின்னராகும். கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை வந்த சீன யாத்திரிகர் பாகியனும் மலையுச்சிப் பாதத்தைக் குறிப்பிடுகிறார். ஆகவே அக்காலத்தில் இந்நம்பிக்கை நிலவியது என்பதற்கு இவை உறுதியான சான்றுகள். பாதம் யாருடையது என்பதற்கு அவை சான்றாகா.

இஸ்லாமிய மரபையும் இதே அளவுகோலால் நோக்க வேண்டும். ஆதம் (அலை) அவர்கள் பூமிக்கு இறக்கப்பட்டதை அல்குர்ஆன் கூறுகிறது. இறங்கிய இடத்தின் பெயரைக் கூறவில்லை. சரந்தீப் என்ற கருத்து அரபு வரலாற்றாசிரியர்களும் பயணிகளும் பதிவு செய்த மரபாகும். அதிலும் ஒருமைப்பாடு இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, மலையுச்சியில் ஆதமின் கல்லறை இருப்பதாக முஸ்லிம்கள் நம்புவதாக எழுதினார். 1344இல் வந்த இப்னு பதூதா கண்டதோ பாதச்சுவடு. புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தி அவருக்கு உதவினார். யோகிகளும் பிராமணர்களும் உடன் சென்றனர். ஒரு முஸ்லிம் பயணி இந்து மன்னனின் துணையுடன் பௌத்தரும் வழிபடும் மலையில் ஏறினார் என்பது அக்காலச் சமூகத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பெறுமதியான தகவல். ஒன்பது நாட் பயணத் தூரத்திலேயே மலை தெரிந்தது என்பது அவரது மிகைக்கூற்று எனலாம். இவ்வுயரமுள்ள சிகரம் கடல்மட்டத்தில் ஏறத்தாழ 170 கி.மீ. தூரத்துக்கு அப்பால் அடிவானத்தின் கீழ் மறைந்துவிடும்.

நிர்வாகமும் கைமாறியுள்ளது. முதலாம் விஜயபாகு யாத்திரிகர்களுக்கு உணவளிக்க கிலிமலைக் கிராமத்தை வழங்கினான். அம்பகமுவக் கல்வெட்டும் அவனது கொடைகளைக் கூறுகிறது. சீதாவாக்கை முதலாம் இராஜசிங்கன் மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான். 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதனை மீண்டும் பிக்குமாரிடம் கையளித்தான். 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டபோது இம்மலையைச் சூழ்ந்த காடும் அதில் அடங்கியது. காரணம் அதன் உயிர்ப் பல்வகைமையாகும்.

விடையெழுதும்போது: படத்தில் குறிக்கச் சொன்னால் சிவனொளிபாதமலை என்றே குறியுங்கள், தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் பெயர் அதுவே. கட்டுரை வினாவில் “ஆதம் (அலை) இங்கே இறங்கினார்கள்” என்றோ “புத்தர் இங்கே பாதம் பதித்தார்” என்றோ எழுதாது, “என முஸ்லிம்கள் நம்புவர்”, “என மகாவம்சம் கூறும்” என எழுதுக.

பயிற்சி: சிவனொளிபாதமலை பற்றிய மார்க்கோ போலோ, இப்னு பதூதா ஆகியோரின் குறிப்புகளில் காணப்படும் வேறுபாட்டைக் கூறி, அதற்கான இரு காரணங்களை ஊகித்து எழுதுக.